எல்லாரும் ஆமென் சொன்ன தீர்மானம்

எனக்குச் சீராக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், வேதாகமத்தைப் பார்த்து எழுதிய வசனங்களும்தான். இப்போது மறதி வேறு சேர்ந்துவிட்டது. முன்னால் வரவேண்டியது பின்னால் வந்திருக்கும். எங்கள் சேகரத்துப் பெண்கள் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளைச் சேர்த்துச் சேகரம் என்போம். எங்கள் ஊர், திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகிற பஸ்ஸில் இறங்கி, கண்மாய்க் கரையோடு உள்ளே நடக்க வேண்டிய ஊர். நாங்களும் பக்கத்து மூன்று ஊர்ச் சபைகளும் வெகுகாலமாக டவுன் சேகரத்தில் இருந்தோம். ஆயரின் வீடு டவுனில். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஊருக்கு வருவார். டவுனில் ஆராதனை முடித்து, வழியில் இன்னோர் ஊரையும் முடித்து வந்து சேரும்போது உச்சி வெயிலாகிவிடும். மற்ற ஞாயிறுகளில் நாங்களே பாடி, நாங்களே வாசித்துக்கொள்வோம். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஊரில் சாவு விழுந்தால்தான் குறை தெரியும். ஆயர் வந்து ஜெபிக்காமல் அடக்கம் செய்ய முடியாது.

என் ஓரகத்தி இறந்தது நல்ல கோடையில். அன்றைக்கு டவுனில் இரண்டு கல்யாணம். ஆயருக்குப் போன் போட்டால், "வாரேன், இந்தா கெளம்பிட்டேன்" என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை. ஓர் ஆள் எத்தனை பக்கம் ஓடுவார்? ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வைத்தோம், கரண்டு போய்விட்டது. காரியாபட்டியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் பொழுது சாய்கிற வரைக்கும் பந்தலில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அவள் கூடப் பிறந்த தங்கச்சியே மண் போடாமல் போனாள். பஸ் ஏறுகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெண்களெல்லாம் ஒரே பேச்சாகப் பேசினோம். நான்கு ஊருக்கும் சேர்த்து ஒரு தனிச் சேகரம் வேண்டும். எங்கள் ஊரிலேயே குடியிருக்கிற ஓர் ஆயர் வேண்டும்.

அதை ஆயர் தர முடியாது. பேராயரும் தனியாகத் தர முடியாது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாச் சேகரங்களிலிருந்தும் ஆட்கள் வந்து கூடுகிற திருமண்டலப் பெருமன்றக் கூட்டம்தான் தர வேண்டும். நாங்கள் கேட்டோம். "அடுத்த வருடம் பரிசீலிக்கலாம்" என்று பதில் வந்தது. அடுத்த வருடமும் கேட்டோம். அதே பதில். அதற்கடுத்த வருடமும் அதுதான்.

நான்காவது தடவை, எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் போகவேண்டும் என்று திருமண்டலத்தில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் யார் போவது என்று பேச்சு வந்தது. இளவயதுப் பெண்களுக்கு மில் வேலை. மற்றவர்களுக்கு மிளகாய் பறிப்பு.

"மதினி போகட்டும். அவுகதான் வெயிலுக்குக் காட்டுக்குப் போறதில்ல" என்றாள் ஒருத்தி.

"அடியே, கடையில மீதிக் காசக் கேட்டு வாங்கவே எனக்கு வாய் வராது. அங்க போயி நான் என்னத்தப் பேச?"

"பேச வேணாம் மதினி. எந்திரிச்சு நின்னு 'வழிமொழிகிறேன்'னு ஒரு வார்த்த. பேசுறதெல்லாம் செயலாளரு பாத்துக்கிடுவாரு."

சபைச் செயலாளர் எனக்கு மருமகன் முறை. லோடு வண்டி ஓட்டுகிறவர். அவர் பேசினால் வண்டிச் சத்தம் கேட்காது. அவர் இருக்கும்போது நமக்கென்ன என்று ஒத்துக்கொண்டேன். ஆனாலும் ஆடு கட்டும்போதும், அடுப்பு ஊதும்போதும், "வழிமொழிகிறேன், வழிமொழிகிறேன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் காரியாபட்டியைத் தாண்டி ஒரு பெரிய பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மண்டபம் நிறைய இரும்பு நாற்காலிகள். முன்வரிசையெல்லாம் வெள்ளை அங்கி போட்ட ஆயர்கள். மேடையில் பேராயர். காலையில் பாட்டும் திருவிருந்தும் முடிந்து, அறிக்கைகள் வாசித்தார்கள். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா அவ்வப்போது எனக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் விஷயம் வந்தது. புதுச் சேகரங்களைப் பற்றி முடிவு சொல்கிற குழுவில் இருந்த டவுன் பெரியவர் ஒருவர் எழுந்தார். நல்ல குரல், பாடகர் குழுவில் பாடுகிறவர். "அந்த ஊரில் நிலத்தடி நீர் உப்பு. ஆயர் குடும்பம் தங்க வீடு இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரம். ஆகவே அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம் என்பது குழுவின் கருத்து" என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

எங்கள் செயலாளர் எழுந்தார். இந்த வருடமே தரவேண்டும் என்று அவர் முன்மொழிய வேண்டும். பேச மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிப்பார்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

அவர் பேராயரை வணங்கினார். பேராயரின் துணைவியாரை வணங்கினார். மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பதவி சொல்லி வணங்கினார். முன்வரிசை ஆயர்களை, மூத்தவர் இளையவர் என்று பிரித்து வணங்கினார். அன்றைக்குச் சமைத்துக்கொண்டிருந்த சபையாருக்கும் நன்றி சொன்னார். பிறகு எங்கள் ஊருக்கு முதன்முதலில் நற்செய்தி மாட்டுவண்டியில் வந்த கதையை ஆரம்பித்தார். வண்டி கண்மாய்க் கரை ஏறுகிறபோது மணி அடித்துவிட்டது.

"ஐயா, இன்னும் விஷயத்துக்கு வரல" என்றார் செயலாளர்.

"அது எங்களுக்கும் தெரியுது தம்பி. உட்காருங்க" என்றார் பேராயர். மண்டபமே சிரித்தது.

செயலாளர் என் பக்கம் திரும்பி, "அத்தே, நீங்கதான்" என்றார். முகம் வேர்த்துக் கிடந்தது.

எழுந்தேன். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "வழிமொழிகிறேன்" என்று சொல்லிவிட்டேன். என் குரல் கூரையிலிருந்து திரும்பி வந்தது. உட்காரப் போனேன்.

"அம்மா, உங்களுக்கும் மூணு நிமிஷம் இருக்கு. உங்க ஊருக்கு ஏன் வேணும்னு நீங்க சொல்லுங்க. பயப்படாதீங்க" என்றார் பேராயர்.

அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. என் ஓரகத்தியின் தங்கச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதுதான் கண்ணில் நின்றது. இதை விட்டால் இன்னும் ஒரு வருடம். மனிதர்களிடம் பேசித்தான் எனக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசிப் பழக்கமுண்டு. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டேன். கண்ணை மூடினேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஜெபிப்போம்."

கூட்டத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கோயில்காரர்கள். ஜெபிப்போம் என்றால் என்ன ஏது என்று யார் கேட்பார்கள்? நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு அமைதி. எனக்கு எங்கள் ஊர்க் கோயிலில் நிற்பது போலவே இருந்தது.

"அன்புள்ள தகப்பனே, ஸ்தோத்திரம். எங்கள இம்புட்டுத் தூரம் பத்திரமாக் கொண்டாந்தீரே, ஸ்தோத்திரம். ஆண்டவரே, அந்த ஐயா எங்க ஊருத் தண்ணி உப்புன்னு சொன்னாக. உப்புத்தான் சுவாமி. உமக்குத் தெரியாததா? அதத்தான நாங்க குடிக்கிறோம். அதுலதான எங்க புள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுக்குறோம். வீடு இல்லன்னாக. மூடிக் கெடந்த பள்ளிக்கூடத்த நாங்க பொம்பளைக வெள்ளையடிச்சு வச்சிருக்கோம், நீர் பாத்துக்கிட்டுத்தான இருந்தீர். எங்க ஓரகத்தி அந்த வெயில்ல கெடந்தாளே, ஆண்டவரே, மண்ணு போட வந்த சனம் மண்ணு போடாமப் போச்சே. எங்க ஆயரும் பாவம், ஒத்த ஆளு. ஓடி ஓடி அவுக முட்டி தேஞ்சுபோச்சு. அந்த முட்டிக்குச் சுகங் குடும். அடுத்த வருசம், அடுத்த வருசம்ங்கிறாக. நாங்க வயசானவுக. அடுத்த வருசம் யாரு இருப்பா, யாரு போவான்னு நீர் ஒருத்தர்தான் அறிவீர். எங்களுக்கு இந்த வருசமே சேகரம் வேணும். பொதைக்க மட்டுமில்ல சுவாமி, எங்க புள்ளைகளுக்கு நல்ல நேரத்துல கல்யாணம் செஞ்சு வைக்கவும் எங்க ஊர்லயே ஒரு ஆயர் வேணும். இங்க நிக்கிற எல்லார் மனசையும் எளக்கித் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே."

"ஆமென்!"

அப்படியொரு ஆமெனை நான் அதுவரை கேட்டதில்லை. மண்டபத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. அதில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குரல் கணீரென்று கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் டவுன் பெரியவர்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கையைத் தூக்கினார். "பேராயர் அவர்களே, ஜெபம் வேறு, தீர்மானம் வேறு. இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது."

"நீங்களும் ஆமென் சொன்னீங்களே ஐயா?" என்றார் பேராயர்.

"ஜெபத்துக்குச் சொன்னேன்."

"ஜெபத்துல அந்த அம்மா என்ன கேட்டாங்க?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஆமென்னா அப்படியே ஆகக்கடவதுன்னுதான அர்த்தம்? ஐயாதான் சத்தமாச் சொன்னாக. எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு" என்றது. சிரிப்பு அடங்க நேரமானது. பேராயரும் சிரித்தார். "எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கீங்க. இப்படியே வாக்கெடுப்பு வைக்கலாமா? எதிர்க்கிறவங்க மட்டும் உட்காருங்க."

"அது முறையில்ல. முதல்ல எல்லாரையும் உட்கார வைங்க. பிறகு ஆதரிக்கிறவங்க எழுந்திருக்கட்டும்" என்றார் பெரியவர்.

"சரி, அதுதான் நியாயம்" என்று பேராயர் சொல்லிவிட்டார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜெபத்துக்கு நின்றார்கள், தீர்மானத்துக்கு எதற்கு நிற்பார்கள்? செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தனிச் சேகரம் இந்த ஆண்டே வழங்கலாம் என்பவர்கள் எழுந்து நிற்கவும்."

மிட்டாய் கொடுத்த அம்மாதான் முதலில் எழுந்தார்கள். அதற்குப் பிறகு பெண்கள் வரிசை முழுக்க. பிறகு பின்னால் கிராமத்துச் சபைக்காரர்கள். பிறகு முன்வரிசையில் எங்கள் ஆயர், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரும்பு நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனது. இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். டவுன் பெரியவரும் உட்கார்ந்தேதான் இருந்தார்.

"எண்ண வேண்டுமா ஐயா?" என்று பேராயர் அவரிடம் கேட்டார்.

"வேண்டாம். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

தீர்மானம் நிறைவேறியது என்று பேராயர் சொன்னதும் எங்கள் செயலாளர் எழுந்து மறுபடியும் எல்லாருக்கும் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. மைக்கை என் கையிலிருந்து வாங்கத்தான் ஓர் ஆள் வரவேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெரியவர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பயந்துபோனேன். "அம்மா, எனக்காகவும் ஜெபம் பண்ணுங்க. ஆனா என்னைப் பேரு சொல்லி மைக்குல பண்ணிராதீங்க" என்றார். தன் இலையில் இருந்த இனிப்பை என் பக்கம் தள்ளினார். நானும் கூச்சப்படாமல் எடுத்துத் தின்றேன்.

நாங்கள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குமுன்பே செயலாளர் போனில் ஊருக்குச் சொல்லிவிட்டார். ஊரில் பெண்கள் ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்திருக்கிறார்கள். வேளை கெட்ட வேளையில் மணி அடித்தால் எங்கள் ஊரில் சாவு என்று அர்த்தம். பலசரக்குக் கடை அண்ணாச்சி கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து, "ஏத்தா, யாரு போயிட்டாக?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரும் போகல அண்ணாச்சி! ஆயரு வாராக!"

"அட, அதுக்கா இந்த அடி அடிக்கிறீக? நான் எங்கடா கடையச் சாத்தணுமோன்னு வந்தேன்" என்று திட்டிவிட்டு, திரும்பிப் போய் ஒரு பாக்கெட் கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாராம்.

இப்போது வெள்ளையடித்த பள்ளிக்கூடத்தில் ஆயர் குடும்பம் இருக்கிறது. இளவயதுக்காரர். குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் விடியக்காலம் இறந்தார். சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே ஆயர் வாசலில் நின்றார். வந்த சனம் அத்தனை பேரும் மண் போட்டுவிட்டு, மதிய பஸ்ஸுக்கே போனார்கள்.

நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதியிருக்கிறேன். எங்கள் தீர்மானம் வந்தது காலைத் தேநீருக்கு முன்பா பின்பா என்று எனக்கு நிச்சயமில்லை. பெரியவர் சொன்ன காரணங்களில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம். செயலாளரைக் கேட்டால், மணி அடிக்குமுன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்கிறார். அதை மட்டும் நம்ப வேண்டாம். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் தயவுசெய்து திருத்திக் கொடுங்கள்.