மைனஸ் பதினாலு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் மனைவியே நம்பவில்லை. அவளோடுதான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது நடந்தது. சிலி நாட்டில், சிலோயே தீவில், பனிமூட்டம் இறங்கிய ஒரு மத்தியானம்.

எலிசேயோ கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிறவன். படகில் உள்ள எந்திரம் குழாய் வழியே அவனுக்குக் காற்று அனுப்பும். மேலே கஸ்தோதியோ குழாயைப் பிடித்திருப்பான். என் பங்குக்கு, எலிசேயோவின் இடுப்பில் ஓர் ஆழமானி. அதிலிருந்து கேபிள் கரையில் என் குடிசைக் கம்ப்யூட்டருக்கு. இருபது மீட்டருக்குக் கீழே போனால் நான் ரேடியோவில் எச்சரிக்க வேண்டும்.

"என் பொண்டாட்டி கண்காணிக்கிறது போதாதா வாத்தியாரே, உன் பெட்டி வேறயா?" என்று கேட்டுவிட்டுத்தான் படகேறினான்.

சி மொழியில் நானே எழுதிய புரோகிராம். ஐந்து நொடிக்கு ஓர் எண், நாலு பைட் பைனரியாக, பைலில் விழும். ஆனால் எழுதியது உடனே விழாது. மெமரியில் தேங்கி, நிரம்பியபின் மொத்தமாகக் கொட்டும். நிரம்பப் பத்து நிமிஷம். உடனுக்குடன் தள்ளிவிட ஒரே ஒரு வரி போதும்.

அந்த வரியை எழுத மறந்திருந்தேன்.

பைலின் அளவு பூஜ்யம்... பூஜ்யம்... ஒரே தாவலில் 512.

திறந்து படித்தேன். 4, 11, 19, 26, 31. அப்புறம் முழுக்க 31.

எல்லாம் பழசு. அவன் அடியில் கிடந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

ரேடியோவில், "இழுத்துடு கஸ்தோதியோ," என்றேன்.

கர்ர்ர்... இரைச்சல். பிறகு அவன் குரல்.

"குழாய் மட்டும்தான் வருது."

இன்னொரு பத்து நிமிஷம் கழித்து பைல் மறுபடி தாவியது. 1024.

31, 22, 10, 0. மேலே வந்துவிட்டான்.

"தலை தெரியுதா?"

"இல்ல."

அடுத்த எண் மைனஸ் 3. கடலுக்கு மேலே மூன்று மீட்டர். மைனஸ் 8. மைனஸ் 14.

என் குடிசை மேட்டில் இருக்கிறது. கடலுக்கு மேலே பதினாலு மீட்டர்.

மிச்சமெல்லாம் மைனஸ் 14.

இதுவும் பழசு...

அப்படியென்றால், வந்து நேரமாகிவிட்டது.

முதுகுக்குப் பின்னால்... சொட்.

சொட்.

நான் திரும்பவில்லை.

மறுநாள் எலிசேயோவை எடுத்தார்கள். முப்பத்தொரு மீட்டர் ஆழத்தில். துக்க வீட்டில் கஸ்தோதியோ என் காதோரம் சொன்னான்:

"அந்த ஆழமானி இடுப்பை உறுத்துதுன்னு, முங்குறதுக்கு முன்னாடியே கழட்டிட்டான். படகுல நான் உட்கார்ற பலகைக்கு அடியிலதான் கிடந்துது. தண்ணியே படல."