நான்காவது பாடகருக்காக ஒரு பாட்டு

கொல்லிமலையில் கணக்கு டீச்சராக இருப்பவளுக்கு இங்கிலாந்து ராக் பேண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. பிடித்திருக்கிறது, கேட்கிறேன், அவ்வளவுதான். அப்படிக் கேட்டவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அந்த பேண்டைத் தெரியாது. என் கோபமெல்லாம் தெரிந்தவர்கள்மீதுதான். அதே பாட்டுகளைக் கேட்டு, அதே இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள்மீது.

நாமக்கல்லில் கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவள் ஒரு எம்பி3 சிடி வைத்திருந்தாள். அவள் அண்ணன் எழுதிக் கொடுத்தது. அந்த பேண்டின் எல்லா ஆல்பங்களும் அதில் இருந்தன, ஆனால் வந்த வரிசையில் இல்லை, எழுத்து வரிசையில். அதனால் நான் முதலில் கேட்டது அவர்கள் பின்னாளில் போட்ட ஒரு பாட்டு. இருபத்திரண்டு நிமிடம். தன் ஆற்றுக்குக் குறுக்கே அணை எழும்புவதைத் தினமும் பார்க்கிற ஒரு படகுக்காரனைப் பற்றியது. பாதி வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை. ஆனால் பத்தாவது நிமிடத்தில் தாளம் ஏழுக்கு மாறியபோது என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கின. நாலும் மூணும், நாலும் மூணும். கோயில் மேளத்தில் கேட்டுப் பழகிய ஏழுதான் அது. அதற்கு மேலே ஒரு குரல், தாளத்தைக் கண்டுகொள்ளாமல், நிதானமாக நடந்து போனது.

அது அந்த பேண்டின் நான்காவது பாடகருடைய குரல் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான்கு பேர் மாறி மாறிப் பாடியிருக்கிறார்கள் என்பதே தெரியாது. ஒரே ஆள்தான் சில பாட்டுகளைச் சளி பிடித்த நாளில் பாடியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை அதில் இருப்பவர் பேஸ் கிடார் வாசிப்பவர் ஒருவர்தான். முதல் பாடகர் ஐந்து ஆல்பங்கள் பாடியதும் மற்றவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டாமவர் ஒரே ஆல்பம், மூன்றாமவர் இரண்டு. கீபோர்டு வாசித்தவர்கள் ஐந்து பேர். நான்காவது பாடகர் வந்தபோது அவர்களுக்குப் பெரிய அரங்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் பத்தொன்பது வருடம் பாடினார்.

படிப்பு முடிந்து செம்மேட்டில் அரசுப் பள்ளியில் வேலைக்கு வந்தேன். மலையிலேயே வளப்பூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்தில் எங்கள் வீடு. காலையும் மாலையும் பஸ்ஸில் காதில் இதுதான் ஓடும். பேச ஆளில்லை. அந்த பேண்டுக்குத் தமிழ்நாட்டு ரசிகர்களின் வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும், கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தேன்.

அந்தக் குழுவில் மலைக்குப் பக்கத்திலிருந்து இன்னொருவர் இருந்தார். காரவள்ளிப் பக்கம் அடிவாரத்துக்காரர், மிளகு வியாபாரி. எங்கள் அப்பாவிடமே மிளகு வாங்கியவர், ஆனால் அவருக்குள் இப்படி ஒரு பைத்தியம் இருப்பது அப்பாவுக்கோ எனக்கோ தெரியாது. ஊரில் எல்லோரையும்போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார். சந்தைக்கு வரும் நாட்களில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று பேசுவோம். சுற்றி நிற்பவர்கள் ஏதோ மிளகு விலை பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"டீச்சர், யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றார் ஒருநாள். "எனக்கு மொதப் பாடகரவிட இந்த நாலாவது ஆளுதானுங்க பிடிக்கும்."

"ஏனுங்க பாய், இத ரகசியமாச் சொல்றீங்க?"

"குரூப்புல சொன்னா தொலச்சுப்புடுவாங்க."

அது உண்மைதான். குழுவை நடத்தியவர் சென்னைக்காரர், அறுபது தாண்டியவர், பெரிய கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'சார்'. முதல் பாடகரின் காலத்தை அவர் பொற்காலம் என்பார். மற்றதெல்லாம் அவருக்குக் கூலிக்கு மாரடித்தது. நான் ஏதாவது எழுதினால், "மேடம் லேட்டா வந்தவங்க, மெல்லத் தெரிஞ்சுக்குவாங்க," என்று ஒரு சிரிப்புப் படத்தோடு பதில் போடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

போன வருடம் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பேண்டுக்கு ஐம்பது வருடம் ஆவதைக் கொண்டாட மலையில் எல்லோரும் கூடி இரண்டு நாள் தங்கி, பழைய இசைத்தட்டுகளை முழுசாகக் கேட்பது. "மேடம்தானே லோக்கல்," என்றார் சார். நான்தான் செம்மேட்டைத் தாண்டி ஒரு காட்டேஜ் பிடித்தேன். சமையலுக்கு ஆள் சொன்னேன். எங்கள் சித்தப்பா மகன் திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடும் ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கினேன். சந்தோஷமாகத்தான் செய்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் நான்காவது பாடகர் இறந்துபோனார். வெகுநாளாகவே உடம்பு முடியாமல் இருந்தார். நான் வகுப்பு முடிந்து வந்து போனில் பார்த்தேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன், என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் தூரத்துச் சொந்தம் ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். குழுவில் யாரோ ஒருவர் செய்தியைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரே ஒரு கும்பிடும் கை. அடுத்த செய்தி, இசைத்தட்டு பிளேயரைக் காரில் யார் கொண்டுவருவது என்பது.

பதினோரு பேர் வந்தார்கள். நானும் பாயும் சேர்ந்து பதின்மூன்று. பெண் நான் ஒருத்திதான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்று காலை நன்றாகத்தான் இருந்தது. முதல் ஆல்பத்தை அந்தப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. சார் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நாலு வார்த்தை சொன்னார், அழகாகவே சொன்னார். மதியம் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திரும்ப உட்கார்ந்தபோது நான் கேட்டேன்.

"சார், அடுத்து அவரோட பாட்டு ஒண்ணு போடலாமுங்களா? அவர் எறந்து ஒரு மாசங்கூட ஆகலீங்க."

"யாரோடது மேடம்?"

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"நாலாவது பாடகரோடதுங்க."

"அவர் டெம்பரரி மேடம்."

யாரோ சிரித்தார்கள்.

"பத்தொம்போது வருசம் டெம்பரரியா இருக்க முடியுங்களா?"

"இன்னொருத்தர் நாற்காலியில எத்தன வருஷம் உக்காந்தாலும் அது இன்னொருத்தர் நாற்காலிதான்," என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார். "காபி சொல்லியிருந்தீங்களே மேடம், என்னாச்சு?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். 'எனக்கும் கேக்கணுமுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை.

நான் காபி கொண்டுவரப் போனேன். இதை எழுதும்போதுகூட என்மீதே ஆத்திரம் வருகிறது. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், ஒரு ஆள் வாட்சைப் பார்த்ததும் எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன்.

தட்டோடு நான் திரும்பி வந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து நின்று பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். நான்காவது பாடகரின் கடைசிக் கச்சேரி வீடியோ ஒன்று உண்டு. நோய் வந்த பிறகு பாடியது. குரல் ஏற வேண்டிய இடத்தில் உடைந்து நடுங்கும், அவர் கண்ணை மூடி அப்படியே பாடி முடிப்பார். அந்த நடுக்கத்தைத்தான் இந்த ஆள், சமையல் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, பாடிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, கூட்டத்தோடு சேர்ந்த ஒரு சின்னச் சிரிப்பு. ஆனால் சிரித்தார்.

தட்டைத் தரையில் வைத்தேன். சுவருக்குப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் வந்தது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த பொற்காலம் நின்றுபோனது.

"செத்த மனுசனோட தொண்டைய வெச்சுச் சிரிக்கறதுக்கு எங்க ஊரு ஸ்பீக்கர் வேண்டாமுங்க," என்றேன். "மொதப் பாடகரு உட்டுட்டுப் போனாரு. ஆளில்லாத மண்டபத்துல நின்னு பாடி, அந்தப் பேர இத்தன வருசம் உசுரோட வெச்சிருந்தவரு இவருதானுங்க. அவரு இல்லைன்னா இன்னைக்கு நீங்க ஐம்பதாவது வருசம் கொண்டாட பேண்டே இருந்திருக்காது."

"மேடம், எமோஷனல் ஆகாதீங்க," என்றார் சார். "இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம்."

"ரசனையப் பத்திப் பேசறதுக்கு முன்னால காபிய எடுத்துக் குடிங்க. ஆறிரும்."

சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஜீப்பில் வந்து ஸ்பீக்கர்களை ஏற்றினான், நானும் ஏறிக்கொண்டேன். பாய் வாசல்வரை வந்து நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஜீப் செம்மேட்டுக்கு வருவதற்குள் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த சந்தை நாளில் டீக்கடைக்கு வந்தார் பாய். நான் டீயை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றேன்.

"டீச்சர், கோவம் நியாயந்தானுங்க. நான் பேசியிருக்கணும்."

"ஏன் பேசலீங்க?"

"அவங்களும் இல்லைன்னா இதப் பத்திப் பேச எனக்கு வேற யாருங்க இருக்காங்க?"

"அப்ப நான் யாருங்க?"

குழுக்காரர்கள் கேலி செய்தது ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். அத்தனை வருடம் டீக்கடையில் என்னோடு நின்று பேசியதையெல்லாம் பேச்சு என்றே பாய் கணக்கில் வைக்கவில்லை என்பதுதான் ஆறவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து பாயே குழுவில் எழுதினார். எழுதியதையும் அதற்கு வந்த பதில்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அன்று சொன்னதையே எழுதியிருந்தார், கிட்டத்தட்ட என் வார்த்தைகளிலேயே. ஆளில்லாத மண்டபம்கூட இருந்தது. என்னை நீக்கியதுபோல அவரையும் நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். நீக்கவில்லை. 'நல்ல பார்வை' என்றார் ஒருவர். 'யோசிக்க வேண்டிய விஷயம் பாய்' என்றார் கரண்டியோடு பாடியவர். அந்த வாரக் கடைசியில் சார் நான்காவது பாடகருக்கு நீண்ட அஞ்சலி ஒன்று எழுதினார். 'நம் நண்பர் சரியாகச் சுட்டிக்காட்டியபடி' என்று தொடங்கியிருந்தது.

நான் சொன்னபோது எமோஷனல். அதையே அவர் சொன்னபோது பார்வை. போனை மேசையில் அறைந்ததில் அதன் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

பாய் அந்த அஞ்சலிக்குக் கீழே எழுதினார்: 'இது நான் சொன்னது இல்லை, டீச்சர் சொன்னது. அவங்களத் திரும்பச் சேருங்க.' அதற்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அதன் பிறகு அவரும் அங்கே எழுதுவதில்லை. ஆனால் வெளியே வரவும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. சந்தை நாட்களில் மறுபடி பேசுகிறோம். பழைய மாதிரி இல்லை, அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார். நானும் அவரைச் சுலபமாக விடுவதில்லை.

இந்த வருடம் பேண்டு புதுப் பாடகரை அறிவித்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. புதுப் பாட்டை மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். அந்தப் பையன் ஒவ்வொரு வரியிலும் தன் குரலைக் காட்டிக்கொண்டே இருந்தான். நிதானமே இல்லை. இரண்டு நிமிடம் தாண்டுவதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான்காவது பாடகர் இருந்த இடத்தில் இவனா என்று வந்தது. 'இது அந்த பேண்டே இல்லீங்க, அவரோட முடிஞ்சுது' என்று பாய்க்கு அடித்தேன்.

அனுப்பவில்லை. அடித்ததைத் திரும்பப் படித்தபோது சார் எழுதியது போலவே இருந்தது. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. சார்மீது இருந்த கோபம் குறையவில்லை, ஆனால் அதே வார்த்தை என் விரலிலிருந்தும் வந்துவிட்டதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம். அழித்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து போட்டேன். மணி அடிக்கும்வரை மூன்று முறை கேட்டேன். பாடகன் அப்போதும் பிடிக்கவில்லை.

மாலையில் பஸ்ஸில் இருக்கும்போது பாய் அழைத்தார்.

"கேட்டீங்களா டீச்சர்? குரூப்புல கிழிச்சுட்டு இருக்காங்க. எப்படி இருக்குதுங்க?"

"பையன் இன்னும் கத்துக்கணுமுங்க," என்றேன். "ஆனா எட்டாவது நிமிசத்துல கிடார் வருது பாருங்க, அத மட்டும் இன்னொருக்காக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க."