இருபத்து மூன்று புள்ளி நான்கு

என் தம்பியின் ஸ்பானர்கள் இப்போது என் மேசையின் கீழறையில் இருக்கின்றன. காக்கித் துணியில் வரிசையாகப் பைகள் தைத்துச் சுருட்டிக் கட்டிய கட்டு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் பிட்டராக வேலை பார்த்தவன் அவன். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் குடியிருக்கிறேன். இரண்டு வீடுகளுக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரம். அவன் வேலையைப் பற்றி நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்களாம். மீந்திருந்த பார்வையில் முகங்கள் தெரிந்தன, நட்டுகள் தெரிந்தன. ஸ்பானர்களில் பொறித்திருந்த எண்கள் மட்டும் தெரியவில்லை. இரும்பின் நிறத்திலேயே இரும்பில் பொறித்த எண்கள். போதாததற்கு ஆண்டுக்கணக்கான கிரீஸ்.

"மில்லுல சொல்லிட்டியா?" என்றேன்.

"சொன்னா மில் கேட்டுல வாச்மேனா உக்கார வச்சுருவாக அண்ணே. போறவன் வாரவன் எல்லாம் 'பாவம், நல்ல பிட்டரு'ம்பான். இன்னும் ரெண்டு வருசம். அம்புட்டுதான். நம்பர் மட்டும் செத்த நல்லாத் தெரியற மாதிரி பண்ணித் தாங்க."

நான் ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் அதே வேலையாக இருந்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, பொறிப்பின் பள்ளங்களைச் சுத்தம் செய்தேன். வெள்ளை எனாமல் பெயிண்டைப் பள்ளத்தில் அழுத்தித் தடவி, மேற்பரப்பில் படிந்ததை ஒரு தபால் அட்டையின் விளிம்பால் வழித்தெடுத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கியது. பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு என்று எண்கள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன. பல ஆண்டுகளாக எந்த வேலையிலும் நான் அவ்வளவு நிறைவு கண்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பழக்கத்தால், ஒவ்வொரு ஸ்பானரின் வாயையும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். மில்லிமீட்டர் எண்கள் சரியாக இருந்தன. அங்குல எண்கள் பொறித்த பழைய ஸ்பானர்கள் ஐந்து இருந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அரை அங்குலம் என்று பொறித்திருந்ததன் வாய் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் இருந்தது. தேய்மானம் இவ்வளவு இராது. பொறிப்பே பிழை என்று முடிவு செய்தேன். அந்தப் பொறிப்புகளை வெள்ளையிடாமல் இருட்டிலேயே விட்டு, கைப்பிடியில் மெல்லிய தூரிகையால் சரியான அளவைப் பெரிதாக எழுதினேன். 23.4. தசமத்தைக்கூட விடவில்லை.

அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவன் வந்து கட்டைப் பிரித்து, முதல் வரிசையைக் கை நீட்டிய தூரத்தில் வைத்தே படித்தான். "பதினேழு. பத்தொம்பது. அட, கட்டெறும்பு மாதிரி இருந்தது கோபுரமாட்டம் நிக்குதே!" என்றான். கடைசி ஐந்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

நான்கு நாள் கழித்து, வேலை நேரத்தில் வந்தான். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, சிரித்தபடியேதான் சொன்னான். கழிவுப் பஞ்சைப் பொதியாக அமுக்கும் பிரஸ் ஒன்று ஆலையில் உண்டு. சீமையிலிருந்து வந்த பழைய இயந்திரம். அது நின்றுபோயிருக்கிறது. மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார்.

"அரை இஞ்ச் ஸ்பானரத் தேடுதேன், தேடுதேன், காணோம். 'எவம்ல என் அரைய எடுத்தது'ன்னு சத்தம் போடுதேன். கூட நின்ன பிட்டரு, 'அண்ணாச்சி, கையிலயே பிடிச்சுக்கிட்டுக் காணோம்னா, யாரு மேல கேஸ் குடுக்க?'ங்கான். எல்லாரும் சிரிச்சாக. பொறவு அவனே என் கண்ணப் பாத்தான். சிரிப்ப நிறுத்திட்டான்."

நான் அவன் கையிலிருந்த தம்ளரை வாங்கி வைத்தேன்.

"சீமை ஸ்பானர்ல போட்டுருக்கது போல்ட்டோட தடிமன் அண்ணே. வாயோட அகலம் இல்ல. அரை இஞ்ச் போல்ட்டுன்னா அதோட நட்டு பெருசாத்தான இருக்கும்." வலக்கையை விரித்துக் காட்டினான். "கை சரியாத்தான் எடுத்துச்சு. கண்ணுதான் உங்க எழுத்த நம்பிருச்சு."

அதன் பிறகு அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. மறுவாரம் அவனைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை, மரியாதையாகவே நடத்தினார்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, வேலைக்குப் புறப்படும்போது வாசலில் விழுந்தான். இதயம் என்றார் மருத்துவர். கேட்டுக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. இல்லையென்று நிறுவவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புறப்படும்போது அவன் மனைவி அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அந்த ஐந்தையும் அழித்துச் சரியாக எழுதியிருக்க வேண்டும் என்று, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டி, அவளிடம் சொன்னேன்.

"நான் அப்பவே பெயிண்ட அழிக்கத் தின்னர் வாங்கியாந்து வச்சேன் அத்தான். அவிய விடல. 'அண்ணன் ஒரு வாரம் உக்காந்து எழுதுனது, கெடக்கட்டும்'னுட்டாவ."

அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். அப்படி எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவன் என்னை மன்னித்தானா, அல்லது எனக்கு உணர்த்த இனி எதுவுமில்லை என்று விட்டுவிட்டானா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

நேற்று கட்டைப் பிரித்து, அந்த ஸ்பானரை மேசைமேல் வைத்தேன். அரை என்ற பொறிப்பைப் பார்க்க, ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்தேன். கண்ணாடி இல்லாமலே, அறையின் மறுகோடியிலிருந்து 23.4 தெளிவாகத் தெரிகிறது. நன்றாகவே எழுதியிருக்கிறேன்.