பாக்கியலெட்சுமிக்கு வாய்த்த கார்

புவனேந்திரன் அந்தக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்று, பாக்கியலெட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். பிறகு குனிந்து, தொலைந்துபோன எதையோ தேடுகிறவள் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பின் சீட்டு எங்கங்க?"

"இதுக்குப் பின் சீட்டு கெடையாது. ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே பேருதான்."

"நம்ம வீட்டுல அஞ்சு பேரு இருக்கோம்."

"இது குடும்பத்துக்கு வாங்குனது இல்ல பாக்கியம்."

"அது பாத்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு, விட்ட வேலையைப் பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது ஒரு பழைய மஸ்டா. சிவப்பு நிறம். பதுளையில் வேலை பார்த்த கஜரூபன் என்ற யாழ்ப்பாணத்து டாக்டர் ஆசை ஆசையாக வைத்திருந்த கார். அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது மனமில்லாமல் விற்றுவிட்டுப் போனார். கூரை கறுப்புத் துணி. முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் இரண்டு கொளுக்கிகளைக் கழற்றினால் அதைப் பின்னால் மடித்துவிடலாம். முன்விளக்குகள் பானட்டுக்குள் ஒளிந்திருக்கும். பொத்தானை அமுக்கினால் தவளை கண் விழிப்பது போல மேலே எழும்பும். பாக்கியலெட்சுமி அதற்கு அன்றே பேர் வைத்துவிட்டாள். தவளை. கோபம் வந்தால் சோப்புப் பெட்டி.

அவளுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்தவள் அவள். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா தொழிற்சாலை லொறி ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் லொறியின் முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். கியர் மாறும்போது எஞ்சின் போடும் சத்தத்தை வைத்தே அப்பாவின் மனநிலையைச் சொல்லிவிடுவாள். கலியாணமாகிப் பண்டாரவளைக்கு வந்த பிறகு, சொந்தத்தில் கொஞ்சம் பேர் முகம் சுளித்தாலும், ஒரு வேன் எடுத்துத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க ஆரம்பித்தாள். லொறிக்காரர்களே இறங்கி நின்று யோசிக்கிற தோட்டத்துப் பாதைகளில், மழையிலும் பனிமூட்டத்திலும், பின்னால் பிள்ளைகள் கூத்தடிக்க, ஒரு கீறலும் இல்லாமல் போய் வந்தாள். யாரும் அவளைப் பாராட்டியதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் ஊறிப்போயிருந்தது. ஒரு மனுஷன் வளைவில் எப்படித் திரும்புகிறான் என்பதை வைத்தே அவனை எடைபோட்டுவிடுவாள்.

புவனேந்திரன் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடுகிறவர்.

அவருக்குப் பண்டாரவளை டவுனில் ஹாட்வெயார் கடை இருந்தது. சிமெந்து, குழாய், கூரைத் தகடு. வியாபாரம் நன்றாகவே போனது. குறை ஒன்றுதான், ஊர் தன்னைப் போதிய அளவு திரும்பிப் பார்க்கவில்லை என்பது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கார் வந்தது. கட்டம் போட்ட தொப்பி ஒன்று வாங்கினார். விரல் நுனி தெரிகிற தோல் கையுறை வாங்கினார். அவற்றை மாட்டிக்கொண்டு அவர் கண்ணாடி முன்னால் நின்ற காட்சியை, கதவுக்கு வெளியே நின்ற பாக்கியலெட்சுமி பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. சிரிப்பதற்கும் ஒரு மனுஷன் மேல் கொஞ்சமாவது பிடிப்பு இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூரையை மடித்துவிட்டுக் கிளம்புவார். கடைவீதி, ரயில்வே ஸ்டேஷன், சுற்றுவட்டம், மறுபடி கடைவீதி. முழுக்க இரண்டாவது கியர். தெரிந்த முகம் கண்டால் பொத்தானை அமுக்குவார். தவளைக் கண் எழும்பி, பார்த்து, படுக்கும். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்காரர்கள் ஹோன் அடிப்பார்கள். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கையை உயர்த்துவார்.

ஒருமுறை அவளையும் கூப்பிட்டார்.

"வாறியா பாக்கியம், ஒரு ரவுண்டு?"

"சாமி ஊர்வலம்னா வீட்டு வாசல்ல நின்னே பாத்துக்கலாங்க. நீங்க போயிட்டு வாங்க."

அந்த இன்னொரு சீட்டு காலியாகக் கிடந்துவிடவில்லை. வீரசிங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். எப்போதோ ஒரு தவணை பிரதேச சபை உறுப்பினராக இருந்து, அதன் பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றாதவர். சீட்டில் பின்னால் சாய்ந்து, கதவின் மேல் முழங்கையை வைத்து, காரே தன்னுடையது என்கிற தோரணையில் வருவார். ஒருவர் பெருமைக்கு மற்றவர் சாட்சி.

ஞாயிறு வரை பொறுக்காமல் இருவரும் போன ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பண்டாரவளையில் மழை கொட்டியது. அந்த ஊரில் பின்னேரம் மழை வரும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். புவனேந்திரன் நடுத்தெருவில் காரை நிறுத்திக் கூரையை இழுத்தார். அது பாதி வந்து நின்றது. மடிக்கும்போது துணியை எங்கோ மாட்டிவிட்டிருந்தார். கடைசியில் வீரசிங்கம் குடையை விரித்துப் பிடிக்க, அந்தக் குடைக்குக் கீழே கட்டத் தொப்பி நனைய நனைய ஓட்டிப் போனார். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்ற நாளென்றால் பாக்கியலெட்சுமி ஒரு அதட்டலில் அடக்கிவிடுவாள். அன்று அதட்டவில்லை.

அவளுடைய வேனைப் பார்த்துக்கொள்ளும் கராஜ்காரர் ஜெஸீம், கூரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அக்கா, நெசமா சொல்றேன், நல்ல கார் இது. ஒருக்கா ஓட்டிப் பாருங்க."

"சோப்புப் பெட்டியில என்னாத்த ஓட்டுறது தம்பி? அத விட்டுட்டு நம்ம வேன் பிரேக் பேட்ட பாருங்க." அவளுடைய இளக்காரத்தில் காருக்கும் கணவனுக்கும் சரிபாதி பங்கு இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் புவனேந்திரனின் தம்பி மகளுக்கு ஹல்துமுல்லையில் கலியாணம் வைத்தார்கள்.

பெரியப்பா முறையில் முன்னால் நிற்க வேண்டியவர் புவனேந்திரன். முன்னால் நிற்பதென்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். மண்டப வாசலில் சிவப்புக் கார் போய் நிற்க வேண்டும். "வேன்ல சொந்தக்காரங்கள நீ கூட்டிட்டு வா. நானும் வீரசிங்கம் அண்ணனும் முன்னுக்குப் போறோம்." மாமியாரும் பிள்ளைகளும் சீர்த்தட்டுகளோடு வேனில் ஏறினார்கள். கலியாணத்துக்குக் கூப்பிட்டிருந்த ஜெஸீமும் ஏறிக்கொண்டார். பட்டுச்சேலையோடு பாக்கியலெட்சுமி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

ஹப்புத்தளை தாண்டிப் பேரகலைக்கு இறங்கும்போது மூட்டம் வந்து பாதையை மூடியது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பாதாளம். சிவப்புக் கார் முன்னால் ஊர்ந்தது. அதன் பிரேக் விளக்கு ஒருதரம்கூட அணையவில்லை. வளைவிலும் சிவப்பு, நேர்ப்பாதையிலும் சிவப்பு. பிறகு கருகல் நாற்றம் அவளுடைய வேனுக்குள்ளேயே வந்தது. பேரிக்காய் விற்கும் தட்டிக் கடைக்குப் பக்கத்தில் கார் ஓரம் கட்டி நின்றது.

அவள் இறங்கிப் போனபோது புவனேந்திரன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மூட்டத்துக்காகக் கூரை மூடியிருந்தது. கையுறைக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"பிரேக் புடிக்குதில்ல பாக்கியம். கார் போயிருச்சு."

"கார் போகல. கியர எறக்காம மிதிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க. பிரேக் கொதிச்சுப் போயிருக்கு. ஆற விட்டா சரியாயிரும்."

"இந்த மூட்டத்துல மனுஷன் ஓட்டுவானா?"

அவளுக்குப் பின்னால் நின்ற வேன் அந்த மூட்டத்தில்தான் வந்திருந்தது. இதற்குள் வீரசிங்கம் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனுக்குப் போய், மாமியாருக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஊருக்குத் தலைமை தாங்கிய மனுஷன். கூட வந்தவரை ஒரு தரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ கொண்டு வாறியா?" என்றார் புவனேந்திரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஜெஸீம் தம்பி, நீங்க வேன எடுங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, இவங்கள கொண்டு போய் எறக்குங்க. இது ஆறுனதும் நான் வாறேன்."

புவனேந்திரனும் ஏறிக்கொள்ள, வேன் மூட்டத்துக்குள் மறைந்தது. அவள் ஒரு பேரிக்காய் வாங்கித் தின்று முடித்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சூடு இறங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டில் போட்டு, சேலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட இறங்கினாள் என்று சொல்ல வேண்டும். பாதை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெட்டிக்குள் அடைபட்ட மாதிரி இருக்கவே, கொளுக்கிகளைக் கழற்றிக் கூரையை ஒரு கையால் பின்னால் தள்ளினாள். மூட்டம் குளிர்ந்த துணி மாதிரி முகத்தில் வந்து ஒட்டியது.

முதல் வளைவுக்கு முன்னால் இரண்டாம் கியருக்கு இறக்கினாள். கியர்க் கம்பு கொஞ்சம்தான் அசைந்தது; டக்கென்று விழுந்தது. அப்பாவின் லொறியில் அதற்கு முழங்கையை வளைத்து மல்லுக்கட்ட வேண்டும். எஞ்சின் இழுத்துப் பிடிக்க, பிரேக்கைத் தொடாமலே கார் வளைவுக்குள் நுழைந்தது. பாதி வளைவில் அக்சிலேட்டரை மெல்ல மிதித்தாள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது போல வெளியே வந்தது.

"அட" என்றாள் பாக்கியலெட்சுமி, வாய்விட்டு.

அடுத்த வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகப் போய்ப் பார்த்தாள். கார் அவள் நினைத்த இடத்துக்குப் போனது. கையைத் திருப்ப வேண்டியதுகூட இல்லை, பார்த்தால் போதும் என்றிருந்தது. பேரகலைச் சந்தியில் வலப்பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனதும் மூட்டம் தலைக்கு மேலே நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெயில். தேயிலைச் சரிவுகளுக்கு அப்பால் தெற்குச் சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது. அங்கங்கே குளங்கள் மினுங்கின. வேனில் எத்தனையோ தரம் இந்தப் பாதையில் வந்திருக்கிறாள். வேனுக்கு மேலே தகரம் இருந்தது. பின்னால் யாராவது வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். வெயில் தலையில் படவும், எஞ்சின் சத்தம் மண்மேட்டில் மோதித் திரும்பி வரவும், தேயிலைக் கொழுந்தின் மணம் மூக்கில் ஏறவும் அவள் ஓட்டியது இதுதான் முதல் தடவை.

ஹல்துமுல்லையில் மண்டப வாசல் தெரிந்தது. வாழைமரம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம், பொறுமையிழந்து நின்ற புவனேந்திரன். எல்லாம் தெரிந்தது. கால்தான் எழும்பவில்லை. மூன்றாம் கியரில் மண்டபத்தைக் கடந்து போனாள். யாரோ "ஏய், பெரியம்மா!" என்று கத்தினார்கள்.

பெலிஹுல் ஓயாப் பாலம் வரை போய்த்தான் திரும்பினாள். ஏற்றம் இன்னும் நன்றாக இருந்தது. அவ்வளவு நேரமும் அவளுக்கு யார் மேலும் இளக்காரம் வரவில்லை என்பது அதிசயம்தான். கொண்டை அவிழ்ந்துபோனது, மல்லிகைச் சரம் எங்கேயோ பறந்துபோனது. அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்தாள். மண்டபத்து வாசலைத் தூரத்தில் மறுபடி கண்டபோதுதான் இளக்காரம் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. இப்பேர்ப்பட்ட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் கடைவீதியில் விளக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாரே! அதுவரை காருக்குக் கொடுத்துவந்த பங்கையும் சேர்த்து, தன் இளக்காரம் முழுவதையும் அவர் கணக்கிலேயே எழுதினாள்.

புவனேந்திரன் ஓடிவந்தார். முதலில் காரைச் சுற்றிப் பார்த்தார். கதவு, டயர், பம்பர். பிறகுதான் அவளை.

"எங்க போன? தாலி கட்டி முடிஞ்சிருச்சு! பெரியம்மா எங்க, பெரியம்மா எங்கன்னு ஊரே கேக்குது!"

"பிரேக் சரியான்னு பாத்தேன்."

"நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?"

"எனக்காகவா, காருக்காகவா?"

அவர் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பந்தியில் வீரசிங்கம் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் அறுந்ததாம். பாதாளம் பக்கத்திலாம். தான் நிதானமாக இருந்ததால்தான் இரண்டு உயிர் பிழைத்ததாம். பாயசம் ஊற்ற வந்தவன் வாயைப் பிளந்து கேட்டான். பாக்கியலெட்சுமி இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல பசி.

கார்ச் சாவியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவும் இல்லை. வேன் சாவி தொங்கும் கயிற்றில் அதையும் கோத்துக்கொண்டாள். புவனேந்திரன் இரண்டொரு நாள் அந்தக் கயிற்றைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். இறக்கத்தை நினைத்தால் அவருக்கு இன்னும் உள்ளங்கை வேர்த்தது. இப்போது ஞாயிறு விடிந்ததும், பஸ்கள் கிளம்புமுன், கூரையை மடித்துவிட்டு அவள் போகிறாள். ஒருநாள் எல்ல ஊர்ப் பக்கம், ஒருநாள் பேரகலை இறக்கம். திரும்பும்போது சந்தையில் மரக்கறி வாங்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்து, லீக்ஸ் கட்டுக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு வருவாள். வீரசிங்கம் உட்கார்ந்த இடம். லீக்ஸாவது பேசாமல் வரும்.

போன கிழமை குழாய்க்கு ஒரு வாஷர் தேவைப்பட்டு அவள் கடைக்குப் போனாள். உள்ளே புவனேந்திரன் சிமெந்து வாங்க வந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறது லேசுப்பட்ட வேலையில்லங்க. நம்ம வீட்டுக்காரம்மாவுக்கு நான்தான் பழக்கிக் குடுத்தேன். மலை எறக்கத்துல எல்லாம் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுத்தேன்."

அவளைக் கண்டதும் அவர் பேச்சு ஒரு கணம் தடுக்கியது. வந்தவர் அவளைப் பார்த்து, "அப்புடியாங்க அக்கா?" என்று கேட்டார்.

பாக்கியலெட்சுமி கணவனை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள். மறுத்துச் சொல்லலாம். அதற்கு எழும்பவேண்டிய கோபம் எழும்பவில்லை. பெட்டியைத் துழாவி, அளவு பார்த்து ஒரு வாஷரை எடுத்துக்கொண்டாள்.

"அவரு சொன்னா சரிதாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் ஏறினாள்.