அரபியில் ஒரு ‘வா’

போர் முடிந்து மூன்று மாதம். எங்கள் கடைசித் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனுக்காகத் தேவாலயத்தில் ஆன்ம சாந்திப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றாள் அக்கா. செத்தவனுக்குத்தானே அந்தப் பூசை, நீயே அவனைச் சாகடிக்கிறாயா என்றேன் நான். டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் கீரியும் பாம்புமாக நாள் கடத்தினோம்.

அக்கா வைலே நகர நூலகத்தில் துப்புரவு வேலை செய்தாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளை ஏற்றிவரக் காரில் போனேன். உள்ளே ஏதோ நிகழ்ச்சி. அது முடிந்து கதிரைகளை அடுக்கிய பிறகுதான் வரலாம் என்றாள். எரிச்சலோடு கடைசி வரிசையில் போய்க் குந்தினேன்.

முன்னால் இரண்டு பேர், அமெரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள். ஒருத்தி கறுப்பினப் பெண், தலையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தாள். அரபு எழுத்தைச் சித்திரம்போல எழுதுபவள். மற்றவர் மெக்சிக்கோ வம்சாவளிக் கவிஞர். அவர் தன் கவிதையை ஸ்பானிஷில் வாசிக்க வாசிக்க, அவள் நாணல் பேனாவால் அந்த ஸ்பானிஷையே அரபு எழுத்தில் எழுதினாள். ஒவ்வோர் அடிக்கும் ‘ம்ம், சொல்லு’ என்று ஆங்கிலத்தில் குரல் கொடுத்தாள். அவளுடைய ஆட்களின் வழிபாட்டிலும் பாட்டிலும் அப்படித்தானாம். மூன்று ஊர்ச் சரக்கை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள் என்று மனதுக்குள் நக்கலடித்தேன்.

அப்போதுதான் ‘மேசா’ என்று காதில் விழுந்தது. பிறகு ‘கொசினா’. பிறகு ‘சபாத்தோஸ்’. நிமிர்ந்துவிட்டேன். மேசை, குசினி, சப்பாத்து! சமையலறையைக் குசினி, காலணியைச் சப்பாத்து என்போம் நாங்கள். போர்த்துக்கீசர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்கள் அவருடைய மொழியிலும் இருந்தன. படிக்காத மொழியில் ஒரு வீட்டைக் கண்டேன்: குசினிக்குள் மேசை, மேசைக்குக் கீழே யாரோ விட்டுப்போன சப்பாத்து.

சுவரோரம் நின்ற அக்கா என்னிடம் ஓடிவந்தாள். “டேய், உந்த மனிசன் எங்கட குசினியைப் பற்றியெல்லோ கதைக்கிறார்!”

சப்பாத்தை எழுதும்போது அந்தப் பெண் ஓர் எழுத்தின் கீழ் மூன்று புள்ளி வைத்தாள். அரபியில் ‘ப’ இல்லையாம். பாரசீகக்காரர் உண்டாக்கிய எழுத்தாம் அது. ஒரு சப்பாத்துக்காக எத்தனை ஊர்க்காரர் கைகொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

முடிவில், விரும்பியவர்களுக்கு ஒரு சொல் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். டேனிஷ்காரர் தங்கள் பெயரைச் சொல்லி வாங்கிப்போனார்கள். அக்காவும் வேலை உடுப்போடு வரிசையில் நின்றாள். பூசைக்குக் கொடுப்பதுபோலத் தம்பியின் பெயரைத்தான் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்து, எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“வா,” என்றாள் அக்கா.

கடைசியாகத் தம்பி போனில் கதைத்தபோது அவள் அழுதழுது சொன்ன சொல். பொருளை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் இரண்டே எழுத்தில் எழுதி முடித்தாள்: வளைந்த ஒன்று, நிமிர்ந்த ஒன்று. பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அரபியிலும் இது ஒரு சொல் என்றாள். இழந்தவரின் பெயரைச் சொல்லி அழும்போது பெயருக்கு முன்னால் இதைத்தான் சொல்வார்களாம்.



“என்னவாம்?” என்றாள் அக்கா. அவளுக்கு ஆங்கிலம் விளங்காது. வடிவான எழுத்தாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மூன்று மாதமாக என் வாயில் வராததை அந்த மேசைக்கு முன்னால் நின்று தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தது நான்தான்.

மை காயும்வரை அக்கா தாளைப் பிடித்தபடி நின்றாள்.

“அப்ப இனிச் சண்டை வேண்டாம்,” என்றாள். “நீ ஒரு மாதிரி வாசி. நான் ஒரு மாதிரி வாசிக்கிறன்.”

குசினி மேசைக்கு மேலே அதை மாட்டினோம். யார் எப்படி வாசிக்கிறோம் என்று இன்றுவரை நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.