பாகூரில் சொன்ன தோத்திரம்

இங்கே தண்ணீர் தானாக வருகிறது. செம்மணல் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். பூமிக்குள் ஆழமாக இரும்புக் குழாயை இறக்கிவிட்டால் போதும். ஏற்றமும் வேண்டாம், மாடும் வேண்டாம், இரவும் பகலும் அதன் வாயிலிருந்து தண்ணீர் பொங்கி வயலுக்கு ஓடுகிறது. வந்த புதிதில் எனக்கு அது பொறுக்கவில்லை. ஆளில்லாத வயலோரத்தில் தண்ணீர் சும்மா ஓடுவதைக் கண்டு, பழந்துணியைச் சுருட்டிக் குழாயின் வாயை அடைக்கப் போனேன். பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தாள். "இன்னாம்மா பண்ற? அத்த மூட்ட கட்டி வூட்டுக்கு எடுத்தும் போவப் போறியா?" என்றாள். "வீணாப் போவுதுல்லா" என்றேன். அவளுக்கு என் பேச்சு புரியவில்லை. எனக்கு அவள் சிரிப்பு புரியவில்லை. அவள் கோவிந்தம்மாள் என்பதும், எங்கள் பக்கத்து வீட்டு ராமசாமிக் கவுண்டரின் மனைவி என்பதும் அன்று மாலைதான் தெரிந்தது.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கோடை வந்தால் கிணற்றின் அடியில் ஓர் ஆளை இறக்கி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கோரி எடுப்போம். என் வீட்டுக்காரர் ஞானமுத்து அப்படிக் கிணறு தோண்டியே வளர்ந்தவர். குழாய் இறக்கும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டபோது, கைக்குழந்தை எஸ்தரோடு ரயிலேறிக் கடலூரில் இறங்கி, பெண்ணையாற்றைத் தாண்டி இந்தப் பாகூருக்கு வந்தோம். ஆற்றுக்குத் தென்கரை இங்கிலீஷ்காரன் சீமை, வடகரை பிரெஞ்சுக்காரன் சீமை. நெல்லும் கரும்பும் இரண்டு கரையிலும் ஒன்றுதான். ஆனால் வடகரையில் ஊர் நிர்வாகக் கச்சேரியை 'மேரி' என்கிறார்கள். ஆண்டவருடைய தாயாரின் பெயரை வைத்திருக்கிறார்களோ என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால் அது வெறும் பிரெஞ்சுச் சொல். எங்களைப்போல் சபைக்குப் போகிறவர் அந்த ஊரில் ஒருவருமில்லை. 'வேதக்காரர் வூடு' என்றே எங்கள் வீட்டுக்குப் பெயராகிவிட்டது. நம் சபையின் கோவிலும் கல்லறைத் தோட்டமும் ஆற்றுக்கு அப்பால் கடலூரில்தான். என் வீட்டுக்காரரோ எதற்கும் தோத்திரம் சொல்கிறவர். கஞ்சி குடித்தால் தோத்திரம். புதுக் குழாயில் முதல் தண்ணீர் சேறாக வந்தால் தோத்திரம், தெளிந்து வந்தால் இன்னொரு தோத்திரம்.

எஸ்தர் நடக்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் குழாயைத் தூக்கி நிறுத்தும் சங்கிலி அறுந்தது. குழாய் அவர் இடுப்பின்மேல் விழுந்தது. கட்டிலோடு தூக்கி மாட்டுவண்டியில் வைத்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரெஞ்சு டாக்டர் அவருடைய உள்ளங்காலை ஊசியால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பஸியான்ஸ், மதாம், பஸியான்ஸ்" என்றார். பசிக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். "பசி இல்லய்யா. அவிய இனி நடப்பாவளா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். கூட நின்ற சிப்பந்தி தலையைக் குனிந்துகொண்டான். "பொறுமையா இருக்கச் சொல்றாரும்மா. இனிமே நடக்கமாட்டாராம்."

ஊருக்கே திரும்பிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகு வண்டியில் ஏற்றாதீர்கள், கடலூர் வரைக்கும்கூடக் குலுக்கலைத் தாங்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருந்த இடத்திலேயே இருந்தோம். அவருடன் வேலை செய்தவர்கள் அடுத்த ஊருக்குக் குழாய் இறக்கப் போய்விட்டார்கள். அவரைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகுத் தோல் பிய்ந்துவிடும். இரும்பு தூக்கி உரமேறிய உடம்பு அது. என் கைக்கு அடங்கவில்லை. போர்வையோடு சேர்த்து இழுப்பேன், பாதி புரண்டு மறுபடி மல்லாந்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் "தோத்திரம், தோத்திரம்" என்பார். எஸ்தர் மூலையில் நின்று அழுவாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒரு காலையில் கோவிந்தம்மாள் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வெளியே போய்க் கவுண்டரைக் கையோடு கூட்டிவந்தாள். கவுண்டர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரரின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, பச்சைப் பிள்ளையைப் புரட்டுவதுபோல் புரட்டிப் படுக்கவைத்தார். அன்றுமுதல் வயலுக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அவர் வந்தார். நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட எனக்கு என்ன பாத்தியதை?

கொஞ்ச நாள் கழித்துக் கோவிந்தம்மாள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து, "தோத்திரம் இன்னிக்கி கொறஞ்சிதா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "ராவெல்லாம் தோத்திரம் தோத்திரம்னு கத்தினாரே, அதான் கேட்டேன்" என்றாள். தாங்கமுடியாத வலிக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் அது என்று நினைத்திருக்கிறாள். தேவனுக்கு நன்றி சொல்லும் சொல் என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. என் மட்டில் அப்போது அவள் கொண்ட அர்த்தமே சரியாக இருந்தது. எனக்கு ஜெபம் நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. கண்ணை மூடினால் சங்கிலி அறுந்த சத்தம்தான் கேட்டது.

ஒருமுறை அவருடைய புண்ணைத் துடைக்கும்போது, சதைக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அப்போதும் அவர் அதையே முணுமுணுத்தார். நான் துணியை வீசிவிட்டேன். "எதுக்கு? எதுக்குத் தோத்திரம் சொல்லுதிய? இதுக்கா?" என்று கத்தினேன். அவர் எனக்கு வேத வசனம் எதுவும் சொல்லவில்லை. கூரையைப் பார்த்தபடியே, "தெரியல பாக்கியம். சொல்லாட்டா பயமா இருக்கு" என்றார். நான் துணியைத் திரும்ப எடுத்து அலசினேன். வேறென்ன செய்யமுடியும்?

ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் தெரியும் நாளில் அவர் காலமானார். கடலூர்க் கல்லறையில் வையுங்கள் என்று முன்னமே கேட்டிருந்தார். ஆற்று மணலில் வண்டிச் சக்கரம் புதையும், தோளில்தான் தூக்கவேண்டும். நம் ஊராயிருந்தால் தோள் கொடுக்க நான் நீ என்று முந்துவார்கள். இங்கே நான் மாமரப் பலகைப் பெட்டிக்குப் பக்கத்தில் எஸ்தரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. வாசலில் கவுண்டரின் பங்காளிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "வேதக்காரப் பொணத்த நாம தூக்கறதா? நாளைக்கி கோயில் காரியத்துல நம்மள சேப்பாங்களா?" கோவிந்தம்மாள்தான் கவுண்டரைக் காட்டிப் பதில் சொன்னாள். "உசுரோட இருக்கசொல்ல தெனம் தூக்கனவருதான இவரு? செத்தப்புறம் இன்னா, கனம் கூடிப்போச்சா?"

கவுண்டர் முன்னால் வந்து பெட்டியில் கைவைத்தார். அவர் தம்பி வந்தார். பங்காளிகளில் இரண்டுபேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கொதிக்கிற மணலைக் கடந்து தென்கரை ஏறியதும் இங்கிலீஷ்காரன் சுங்கச்சாவடி. பிரெஞ்சுச் சீமைச் சாராயம் கடத்துகிறார்கள் என்று அங்கே எப்போதும் கெடுபிடி. "பெட்டியத் தொறங்க" என்றார் சாவடி அதிகாரி. "பொணம்யா. வேணான்யா, அந்தம்மா நிக்குது" என்று கவுண்டர் கும்பிட்டார். அதிகாரி அசையவில்லை. ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்தார்கள். அத்தனை வெயிலும் அவர் முகத்தில் விழுந்தது. முந்தானையை விரித்து நிழல் பிடித்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான். அதிகாரி ஒருதரம் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மூடலாம் என்று கையைக் காட்டினார்.

சுத்தியல் இல்லை. கவுண்டர் ஒரு கல்லை எடுத்து ஆணிகளைத் திரும்ப அறையத் தொடங்கினார். குனிந்த தோளில் பெட்டியின் விளிம்பு உரசித் தோல் வழன்று ரத்தம் கசிந்திருந்தது. இவர் வீட்டுக்குப் போனதும் தலைமுழுகவேண்டும், பிறகு ஊர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நினைக்கும்போதே, இத்தனை நாளும் வராத சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "தோத்திரம்" என்றேன், சத்தமாகவே.

கவுண்டர் கல்லைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

அன்றோடு நான் தேறிவிட்டேன் என்று எழுதினால் பொய். எங்களுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தோளைப் பார்த்த பிறகு, என்னைக் கைவிட்டுவிட்டீர் என்று மட்டும் தேவனிடம் சொல்ல முடியவில்லை.

என் தம்பி ஊரிலிருந்து வந்து கூப்பிட்டான். நான் போகவில்லை. கவுண்டர் வயலில் கோவிந்தம்மாளோடு நாற்று நடுகிறேன். எஸ்தர் 'இன்னா', 'வூடு' என்று பேசி, என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள். ஆறு வற்றும் நாட்களில் அவளைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய்வருகிறேன். நாற்றங்காலில் புதிதாக வந்தவர்கள் எந்த ஊர் என்று கேட்டால், திருநெல்வேலி என்கிறேன். தென்கரைச் சாவடியில் என் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே, யோசிக்காமல், பாகூர் என்றுதான் வாயில் வருகிறது.