வாசலில் நின்று கேட்கிறவன்

பாலம் சிங் ராவத்துக்குக் காலை ஐந்தரைக்கே வாய் வலித்துவிடும். ரிஷிகேஷில் கங்கைக்கரை மடம் ஒன்றில் இருபத்தோரு வருஷமாக ஆசனம் சொல்லிக்கொடுக்கிறான். அதில் அவனுக்குச் சலிப்பில்லை. அதற்கு முன்னால் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்கிற கேள்விகள்தான் ஆளைத் தின்றுவிட்டன.

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? வயிறு கழிஞ்சுதா? ஆபரேஷன் ஏதாவது? பிரஷர், தலைசுத்தல் உண்டா?"

பாதிப் பேர் பொய் சொல்வார்கள். "ஒரு வாய் டீதான் மாஸ்டர்ஜி" என்பவனைக் குனிய வைத்தால் பூரி வாசனையோடு ஏப்பம் வரும். வகுப்பு முடிந்தால் அடுத்த பாடு. கூடத்திலிருந்து படி நேரே ஆற்றில் இறங்குகிறது. வேர்வையோடு ஓடிப்போய் அந்தப் பனித் தண்ணீரில் முழுக்குப் போடப் பார்ப்பார்கள். உடம்பு ஆற அரை மணி வேண்டும். பாலம் சிங் படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துவிடுவான்.

இப்படி ஊரை எல்லாம் கேட்கிறவனிடம் ஒரு பொய் இருந்தது. போன குளிர்காலத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவன் பிரஷரைப் பார்த்த டாக்டர், "தலைகீழா நிக்கிற வேலையை இன்னியோட விடு" என்றார். எப்படி விடுவது? மடத்து வாசல் போர்டில் தலைகீழாக நிற்பது அவன் படம்தான். மானேஜர் டோபாலுக்குத் தெரிந்தால் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்க அனுப்பிவிடுவார். டாக்டர் சீட்டைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டுத் தினமும் தலைகீழாக நின்றான். இறங்கியதும் காது இரையும். துண்டை மடிக்கிற சாக்கில் சுவரில் சாய்ந்துகொள்வான்.

அந்த வாரம் இடுப்புவலிக்காகப் பதேரி வந்தாள். ஹரியானாக்காரி, அறுபது வயது, வீட்டில் ஏழு எருமை. முதல் நாள் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு வந்தாள் என்று திருப்பி அனுப்பினான். மறுநாள் வெள்ளித் தண்டையைக் கழற்றச் சொன்னான். அதற்கு அடுத்த நாள் உள்ளங்காலில் கடுகெண்ணெய், விரிப்பில் வழுக்கும் என்று துடைக்க வைத்தான். நாலாம் நாள் ஆற்றுப்படியில் மறித்தான்.

"கங்கா மாயியைப் பாக்க உன்கிட்டச் சீட்டு வாங்கணுமா?" என்று அவள் கத்தியது அக்கரைக்கே கேட்டிருக்கும்.

ஐந்தாம் நாள் அவன் வாய் திறப்பதற்குள் பதேரி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நில்லுங்க மாஸ்டர்ஜி. இன்னிக்கு நான் கேக்குறேன். வயிறு கழிஞ்சுதா?"

வரிசை குலுங்கிச் சிரித்தது.

"ஆச்சு பெரியம்மா."

"மோர் கீர் குடிச்சீங்களா?"

"இல்லே."

"பிரஷர்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பின்னால் டோபால் நிற்பது தெரியும். ஆனாலும் ஏழு மாதமாகச் சுமந்தது போதும் என்றிருந்தது.

"இருக்கு."

"எவ்வளவு?"

"நூத்தி எழுபது."

சிரிப்பு நின்றது. பதேரியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"அட பாவி மனுஷா! என் காலு எண்ணெயைத் துடைக்கத் தெரிஞ்சுது. உன் உடம்பைப் பாக்கத் தெரியலியா? காய்ச்சல் கண்ட எருமையோட மடியை நான்கூடத் தொட மாட்டேன். போய் ஓரமா உக்காரு."

உட்கார்ந்தான். அன்று வகுப்பை வாயாலேயே நடத்தினான். கடைசியில் எல்லாரையும் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுத் தானும் கண்ணை மூடித் திறந்தால், டோபால் எதிரே நின்றார்.

"தலைகீழா நிக்க வேற ஆள் பாக்குறேன். போர்டையும் மாத்தணும்."

"நான் மூட்டை தூக்கவா?"

"இந்தப் பிரஷரோடயா? வாசல்ல நின்னு கேள்வி கேளு, படியில உக்காந்து மறி. அது போதும்."

எது அவனைத் தின்றதோ, அதுதான் மிஞ்சியது. பாலம் சிங்குக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எழுந்துபோய்ப் படியில் காலை நீட்டினான்.

துண்டோடு வந்த பதேரி காலைத் தாண்டவில்லை. மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரை மணிதானே?"

"அரை மணி."

"மாத்திரை போட்டியா?"

"சாப்பிட்டுட்டுப் போடணும்."

"எப்போ சாப்பிடுவே?"

"நீங்க எல்லாம் குளிச்சு ஏறின அப்புறம்."

"நாளையிலேர்ந்து தினம் கேப்பேன்," என்றாள் அவள், ஆற்றைப் பார்த்துக்கொண்டே.